ஒரு மேஜையில் மூன்று சீருடை

மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் 2025 ஆகஸ்டில் முப்படை அதிகாரிகள் கூடிய கருத்தரங்கில் விமானப்படைத் தளபதி பேசியதை இரண்டு தடவை பார்த்தேன். தியேட்டர் கமாண்டு, அதாவது ஒரு பகுதியில் இருக்கும் மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் வைக்கும் கூட்டுக் கட்டளையகம், அந்த விஷயத்தில் அவசரப்பட வேண்டாம், வெளிநாட்டு அமைப்பை அப்படியே எடுத்துவைக்க வேண்டாம், முதலில் டெல்லியில் ஒரு கூட்டுத் திட்டமிடல் மையம் போட்டுப் பார்க்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்று ராத்திரியே பழைய கடற்படை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. கூட்டுக் கட்டளையகம் என்பது எனக்குச் செய்தித்தாள் விஷயம் இல்லை. மூன்று வருஷம் அதற்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் 1992இல் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தேன். சில்காவில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் கொச்சியில் ரேடார் பிளாட் பயிற்சி. ஆர்பி என்பார்கள். கப்பலின் ஆபரேஷன்ஸ் ரூமில் உட்கார்ந்து, எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று குறித்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. 2003இலிருந்து 2006 வரை போர்ட் பிளேர். நாட்டின் முதல் முப்படைக் கட்டளையகமான அந்தமான் நிகோபார் கமாண்டில் பெட்டி ஆபீசராக இருந்தேன். (ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் வருவது போர்ட் பிளேர்தான்.)

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் போதும், மொத்தப் பிரச்சினையும் புரிந்துவிடும். நம் நாட்டில் 'தெற்குக் கட்டளையகம்' என்ற பெயரில் மூன்று இருக்கின்றன. தரைப்படையுடையது புனேயில். கடற்படையுடையது கொச்சியில். விமானப்படையுடையது திருவனந்தபுரத்தில். மூன்றும் 'தெற்கு', ஆனால் ஒன்றின் எல்லை மற்றொன்றின் எல்லையோடு பொருந்தாது. கிழக்கிலும் இதே கதைதான்: கொல்கத்தா, விசாகப்பட்டினம், ஷில்லாங். தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என்று மொத்தம் 17 கட்டளையகங்கள். ஒரு சண்டை வந்தால் அந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், மூன்று ஊரில் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். மூவருக்கும் பொதுவான மேலதிகாரி களத்தில் கிடையாது, டெல்லிக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 1965 செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் நுழைந்தபோது, விமான உதவி வேண்டும் என்ற கோரிக்கை மாலையில்தான் போய்ச் சேர்ந்தது. பதான்கோட்டிலிருந்து பறந்த பழைய வாம்பயர் விமானங்களில் நான்கு அன்றைக்கே போயின. களத்தில் யார் எங்கே என்று தெளிவாகத் தெரியாத நிலையில் நம் ஆட்கள் மீதும் குண்டு விழுந்தது. 1971இல் நிலைமை வேறு. மானெக்‌ஷா, பி.சி. லால், நந்தா என்ற அன்றைய முப்படைத் தளபதிகள் மூவருக்கும் இடையே பேச்சு இருந்தது. கொல்கத்தா ஃபோர்ட் வில்லியத்தில் தரைப்படைத் தலைமையகத்தின் பக்கத்திலேயே விமானப்படை ஒரு முன்னணித் தலைமையகம் அமைத்தது. ஆனால் அது அந்த மனிதர்களின் குணத்தால் நடந்தது. அமைப்பாக எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

1987இல் இலங்கைக்குப் படை போனபோது சென்னையிலிருந்து ஒரே தளபதியின் கீழ் மூன்று படைகளையும் நடத்தப் பார்த்தார்கள். மற்ற இரண்டு படைகளின் கட்டளையகங்களும் தங்கள் ஆட்களையும் கலங்களையும் தங்கள் பிடியிலிருந்து விடவில்லை. ஒரே கட்டளை என்பது பெயரளவில் நின்றது. (அந்தப் போர் நம் மக்களுக்குள் விட்டுப்போன காயம் பெரியது. அதை இங்கே ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை, தனியாகத்தான் எழுத வேண்டும்.)

கார்கில் சமயத்தில் நான் கப்பலில் இருந்தேன். கிழக்குக் கடற்படையிலிருந்து மேற்கே அனுப்பப்பட்ட கப்பல்களில் எங்களுடையதும் ஒன்று. எங்களுக்கு அது 'ஆபரேஷன் தல்வார்'. தரைப்படைக்கு 'ஆபரேஷன் விஜய்'. விமானப்படைக்கு 'ஆபரேஷன் சஃபேத் சாகர்'. ஒரே போர், மூன்று பெயர்! அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. மே மாதத் தொடக்கத்திலேயே ஊடுருவல் தெரிந்துவிட்டது. தரைப்படை ஹெலிகாப்டர் உதவி கேட்டது, விமானப்படை அரசின் அனுமதி வேண்டும் என்றது, மலை உயரத்தில் அந்த ஹெலிகாப்டர்கள் சரிப்படுமா என்று விவாதம் நடந்தது. முதல் விமானத் தாக்குதல் மே 26 அன்றுதான். இடைப்பட்ட நாட்களில் அந்தச் சரிவுகளில் மேலே ஏறிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

போர் முடிந்ததும் அரசு அமைத்த மறுஆய்வுக் குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம், நம் திருச்சியில் பிறந்தவர். அந்த அறிக்கையைத் தொடர்ந்து அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு கூடி 2001இல் பரிந்துரைகள் கொடுத்தது. முப்படைக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும், ஒருங்கிணைந்த தலைமையகம் வேண்டும், அந்தமானில் ஒரு கூட்டுக் கட்டளையகம் வேண்டும் என்றார்கள். 2001 அக்டோபரில் அந்தமான் கமாண்டு பிறந்தது. முதல் தளபதி வைஸ் அட்மிரல் அருண் பிரகாஷ். தளபதி பதவி மூன்று படைகளுக்கும் சுழற்சியில் போகும் என்று ஏற்பாடு. தலைமைத் தளபதி பதவிக்கு மட்டும் 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் அமர்ந்த முதல் ஆளான ஜெனரல் பிபின் ராவத், இரண்டு வருஷம்கூட நிறையாமல், சூலூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் குன்னூர் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார்.

சரி, உள்ளே என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன்.

எங்கள் ஆபரேஷன்ஸ் ரூமில் ராத்திரி ஷிஃப்டில் மூன்று பேர் ஒரே மேஜையில் இருப்போம். நான், தரைப்படை சிக்னல்ஸ் ஹவில்தார் ஒருவர், விமானப்படை கார்ப்பொரல் ஒரு பையன். ஹவில்தார் மதுரைப் பக்கம், என்னைவிட மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பதவிக் கணக்குப்படி ஹவில்தாரும் பெட்டி ஆபீசரும் சமம். கார்ப்பொரல் பாலக்காட்டுக்காரன், இருவரையும் சார் என்றே கூப்பிடுவான்.

முதல் மாதம் முழுக்க ஒருவர் பேசுவதை மற்றவருக்கு மொழிபெயர்ப்பதிலேயே போனது. தரைப்படையில் கேப்டன் என்றால் மூன்று நட்சத்திரம் வைத்த இளைஞர். கடற்படையில் கேப்டன் என்றால் கர்னலுக்குச் சமம், ஒரு பெரிய போர்க்கப்பலையே கையில் வைத்திருப்பவர். 'கேப்டன் வருகிறார்' என்று ஒரு சிக்னல் வந்தால், எந்தக் கேப்டன் என்று கேட்காமல் ஒரு வண்டிகூட ஏற்பாடு செய்ய முடியாது. தூரம் எனக்கு நாட்டிகல் மைல், அண்ணனுக்குக் கிலோமீட்டர். 10 என்று நான் சொன்னால் அது அவருக்கு 18.5.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இடத்தைச் சொல்வது. தரைப்படை ஆள் கட்டம் போட்ட வரைபடத்தை வைத்து ஆறு இலக்கத்தில் இடத்தைச் சொல்வார்: கிழக்காக மூன்று, வடக்காக மூன்று. நூறு மீட்டர் வரை துல்லியம். கடற்படைச் சார்ட்டில் அந்தக் கட்டமே கிடையாது, டிகிரியும் மினிட்டும்தான். அவர் ஆறு எண்ணைச் சொல்ல, நான் அவருடைய வரைபடத்தின் ஓரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எங்கே ஓடுகிறது என்று பார்த்து, டிவைடரால் அளந்து, என் சார்ட்டில் பென்சிலால் புள்ளி வைப்பேன். இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும்.

ஒருநாள் பயிற்சி ஒன்றில் அப்படி மாற்றிக் கொடுத்த இடத்தைப் பார்த்துவிட்டு, கார்ப்பொரல் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்: "சார், இது எந்த டேட்டம்?" நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். டேட்டம் என்பது பூமியின் வடிவத்துக்கு ஒரு வரைபடம் எடுத்துக்கொண்ட அடிப்படைக் கணக்கு. அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் ஆங்கிலேயர் காலத்து எவரெஸ்ட் கணக்கின்படி பூமியின் வடிவத்தை எடுத்துக்கொண்டவை. ஹெலிகாப்டரில் இருக்கும் ஜிபிஎஸ் வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டிலும் குறித்தால் இடம் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். நிகோபாரில் சில நூறு மீட்டர் என்றால் கரைக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம். மூன்று படையும் அவரவர் இடத்தில் தனித்தனியே இருந்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இருந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரியே ஒரு தாளில் எழுத ஆரம்பித்தோம். மூன்று பத்தி: தரை, கடல், வான். பதவி, தூரம், உயரம், வேகம், இடக்குறிப்பு, சுருக்கெழுத்து. கீழே டேட்டம் திருத்தம். அண்ணன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அவர்தான் எழுதினார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்கு நிலம் ஆடியது. குவார்ட்டர்ஸிலிருந்து மனைவியையும் கைக்குழந்தையையும் மேட்டுப் பக்கம் ஏற்றிவிட்டு ஆபரேஷன்ஸ் ரூமுக்கு ஓடினேன். அண்ணன் எனக்கு முன்னால் வந்திருந்தார். கார் நிகோபாரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. கமோர்ட்டா இல்லை, கட்சால் இல்லை. கார் நிகோபார் எங்களிடமிருந்து சுமார் 270 கிலோமீட்டர். அங்கே கடலோரத்திலேயே விமானப்படைத் தளம். அந்தத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கார்ப்பொரலின் பயிற்சிக்கால நண்பன் ஒருவன் அங்கே இருந்தான். பையன் அன்று முழுக்க எழுந்து போகவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அலைவரிசையாக மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த நாட்களில் நான் பார்த்ததை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் கட்டளைத் தளபதி ஒரு தரைப்படை லெப்டினன்ட் ஜெனரல். அவர் சொல்லுக்குக் கப்பல் கிளம்பியது, விமானம் பறந்தது, தரைப்படை ஜவான்கள் கப்பலில் ஏறினார்கள். தீவில் இருந்த படைகளை நகர்த்த, கப்பலுக்கு ஓர் ஊர், விமானத்துக்கு ஓர் ஊர், ஜவானுக்கு ஓர் ஊர் என்று மூன்று கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கார் நிகோபார் ஓடுதளத்தின் ஒரு பகுதி தப்பியிருந்தது என்று தெரிந்ததும், எந்த விமானத்தில் எதை ஏற்றுவது, மீதியை எந்தக் கப்பலில் அனுப்புவது என்று ஒரே அறையில் முடிவானது. எந்தத் தீவில் எத்தனை பேர் மேட்டில் நிற்கிறார்கள் என்று தகவல் வர வர, அண்ணன் ஆறு எண்ணைச் சொல்லுவார், நான் மாற்றுவேன், பையன் திருத்தம் போட்டு விமானத்துக்குச் சொல்லுவான். மூன்று நிமிஷ வேலை அரை நிமிஷமாகிவிட்டது. கூட்டுக் கட்டளையகம் வேண்டுமா வேண்டாமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த மேஜைதான் கண்முன் வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, குறையைச் சொல்லாமல் போக முடியாது. என் சர்வீஸின் பிற்பகுதியில், பெயர் வேண்டாம், வேறொரு முப்படைப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே ஒரு இளம் வீரன், என் படைக்காரன் இல்லை, லீவ் முடிந்து பல நாள் தாமதமாக வந்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தகவல் சொல்லத் தெரியவில்லை. பிரிவின் தலைவர் வேறு படை. விசாரித்து, எச்சரித்து, ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய விஷயம். ஆனால் சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. தரைப்படைக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம், விமானப்படைக்கு அதே ஆண்டின் இன்னொரு சட்டம், கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம். அந்தந்தப் படைக்காரனை அந்தந்தப் படை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். பையனை அவனுடைய தாய்ப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஃபைல் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம் என்று இரண்டு மாதம் இழுத்தது. விசாரணை முடியாததால் தங்கை கல்யாணத்துக்கு அவனுக்கு லீவ் கிடைக்கவில்லை. தண்டனை என்று பார்த்தால் கடைசியில் வெறும் எச்சரிக்கைதான். கிளம்பும்போது அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தது நான். ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.

இதற்குத்தான் 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: முப்படை அமைப்புகளின் கட்டளை, கட்டுப்பாடு, ஒழுங்கு பற்றியது. ஒரு கூட்டு அமைப்பின் தலைவர் எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தன் கீழ் இருக்கும் மூன்று படை ஆட்களையும் அவரவர் சட்டப்படி விசாரிக்கலாம், நடவடிக்கை எடுக்கலாம். 2024 மே 10 முதல் அமல். விதிகள் 2025 மே 27 அன்று வந்தன. செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த செய்தி அது. என்னைக் கேட்டால் தியேட்டர் கமாண்டு பற்றி வந்த ஆயிரம் தலைப்புச் செய்தியைவிட அது பெரியது. லீவ் தருபவரும், தவறு செய்தால் கேட்பவரும், வருஷக் கடைசியில் ஏசிஆர் என்ற மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவரும் யாரோ, அவர் சொல்லைத்தான் வீரன் கேட்பான். 2001இல் கட்டளையகத்தை ஆரம்பித்துவிட்டு, இந்த அதிகாரத்தைச் சட்டமாகக் கொடுக்க 22 வருஷம் எடுத்துக்கொண்டோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது விமானப்படை சொல்வதற்கு வருவோம். வாட்ஸ்அப்பில் என் நண்பர்கள் அதைப் பதவிச் சண்டை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 42 ஸ்குவாட்ரன் (விமான அணி) போர் விமானங்களுக்கு அனுமதி இருக்கும் இடத்தில் கையில் இருப்பது 30ஐ ஒட்டித்தான். காலையில் குஜராத்தில் இருக்கும் விமானம் மாலையில் அஸ்ஸாமில் இருக்க முடியும். அதுதான் அதன் பலம். இருப்பதே குறைவு, அதை மூன்று தியேட்டருக்குப் பங்கு போட்டால் எங்கேயும் போதாமல் போகும் என்ற கவலை நியாயமானது. அந்தமானே அதற்கு ஒரு விதத்தில் சாட்சி. கட்டளையகம் ஆரம்பித்துப் பல வருஷம், தேவையான கப்பலையும் விமானத்தையும் மூன்று படைகளும் தாராளமாகக் கொடுக்கவில்லை என்பதை ஓய்வுபெற்ற தளபதிகளே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் டெல்லியில் ஒரு மையம் மட்டும் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தொடர்பே அறுந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தவன் நான். உத்தரவிடும் கை களத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விமானங்கள் டெல்லியின் பொறுப்பிலேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கூட்டுக் கட்டளையகத்திலும் விமானப்படையின் ஒரு மூத்த அதிகாரி, 'இத்தனை விமானம் இத்தனை நாளைக்கு உங்களுடையது' என்று சொல்லும் அதிகாரத்தோடு உட்கார வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்பவராக இருக்கக் கூடாது. மற்ற நாடுகளும் அடிபட்டுத்தான் கற்றன. அமெரிக்கா 1980இல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போய், படைகள் ஒன்றுக்கொன்று பழகாத நிலையில் பாலைவனத்தில் எட்டுப் பேரை இழந்தது. 1986இல்தான் படைகளைக் கூட்டாக இயங்கவைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1996இல் நார்த்வுட்டில் நிரந்தரக் கூட்டுத் தலைமையகம் வைத்தது. சீனா 2016இல் ஐந்து தியேட்டராக மாற்றிக்கொண்டுவிட்டது.

யாரும் பேசாத ஒன்று இருக்கிறது, இந்தப் பதிவை அதற்காகவே எழுத உட்கார்ந்தேன். அதிகாரிகளுக்குக் கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. மூன்று படைக்கும் போகப்போகிற பையன்கள் அங்கே மூன்று வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே மைதானத்தில் ஓடி வளர்கிறார்கள். நடுவயதில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. மாலுமிக்கும் ஜவானுக்கும் ஏர்மேனுக்கும் அப்படி என்ன இருக்கிறது? நான் சேர்ந்து 11 வருஷம் கழித்து, போர்ட் பிளேரில்தான் ஒரு தரைப்படைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். தியேட்டர் கமாண்டு வந்தால் அதன் ஆபரேஷன்ஸ் ரூமில் ராத்திரி இரண்டு மணிக்கு முழித்திருக்கப் போவது ஜெனரல்கள் இல்லை, எங்களைப் போன்றவர்கள். தலைமையகம் ஜெய்ப்பூரா லக்னோவா திருவனந்தபுரமா என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த அறையில் உட்காரப் போகிற ஹவில்தார், பெட்டி ஆபீசர், சார்ஜென்ட்டுகளுக்கு ஆறு மாதம் ஒரே இடத்தில் பயிற்சி கொடுங்கள். ஒரே வரைபடம், ஒரே சிக்னல் படிவம், ஒரே சுருக்கெழுத்து. கட்டடம் கட்டும் காசில் ஒரு துளி போதும்.

விதிகள் வந்த அன்று அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். சுபேதாராக ஓய்வுபெற்று ஊரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, அந்தத் தாளு இன்னும் அங்க இருக்குமாடா?" என்றார்.

2006இல் நான் கிளம்பியபோது என் இடத்துக்கு வந்தவரிடம் அதைக் காட்டித்தான் பொறுப்பை ஒப்படைத்தேன். அதற்குள் தாள் மூன்று முறை மாற்றி எழுதப்பட்டிருந்தது. கடைசிப் பிரதியில் அண்ணனின் முத்துக் கையெழுத்துக்குக் கீழே என் திருத்தங்கள் நீல மையில் இருந்தன. அதற்கும் கீழே, பெங்களூருக்கு மாற்றலாகிப் போவதற்கு முந்தைய நாள் கார்ப்பொரல் பென்சிலால் எழுதியது: கடல் அலை வந்த பிறகு கரை நகர்ந்துவிட்ட தீவுகளின் பட்டியல், பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம் என்ற குறிப்போடு.